பணி அறியா மனிதப் புரதங்கள்

மனித மரபணுத் தொகுதியில் புரதத்துக்கான குறிப்பைத் தாங்கிய மரபணுக்கள் ஏறத்தாழ 20,000. அவற்றின் எழுத்து வரிசை 2001இல் வரைவாக வெளிவந்தது. 2003இல் பெரும்பகுதி நிறைவுற்றது. எந்த மரபணு எந்த அமினோ அமிலங்களை எந்த வரிசையில் கோக்கிறது என்பதை இன்று யாரும் கட்டணமின்றித் திறந்து பார்க்கலாம். ஆனால் அப்படிக் கோக்கப்பட்ட புரதம் செல்லுக்குள் என்ன வேலை செய்கிறது? ஆயிரத்துக்கும் மேற்பட்ட மனிதப் புரதங்களுக்கு இந்தக் கேள்விக்கு விடை இல்லை. அவை உடலில் இருப்பது நிறைநிரல்மானியில் உறுதியாகியிருக்கிறது. அளவும் வரிசையும் தெரியும். பணி மட்டும் தெரியாது.

இத்தகைய புரதங்களுக்குப் பெயர்கூட முகவரியாகவே அமைகிறது. சி9ஓஆர்எஃப்72 என்பது 9ஆம் குரோமோசோமில் புரதமாகப் படிக்கத்தக்கதாக எண்ணப்பட்ட 72ஆவது பகுதி. அதற்குமேல் அந்தப் பெயர் எதுவும் சொல்வதில்லை. அவை அறியப்படாமல் இருப்பதற்குக் காரணம் முக்கியமின்மை என்று எண்ணினால் தவறு. ஆய்வுலகம் ஏற்கெனவே தெரிந்த மரபணுக்களையே மீண்டும் மீண்டும் ஆராய்கிறது. 2018இல் வெளியான ஒரு பகுப்பாய்வு, மனித மரபணுக்களைப் பற்றிய ஆய்வுகளில் பெரும்பாலானவை ஏறத்தாழ 2,000 மரபணுக்களைச் சுற்றியே நடக்கின்றன என்று காட்டியது. கருவியும் எதிர்ப்பொருளும் முந்தைய கட்டுரைகளும் உள்ள இடத்தில்தான் நிதியும் கிடைக்கிறது. எதுவுமே இல்லாத புரதத்தைத் தொட இளம் ஆய்வாளர்கள் தயங்குகிறார்கள். இந்த இடைவெளியில் முதல் அடி எடுத்துவைக்க உதவுவது உயிர்த் தகவலியல். ஒரு புரதத்தைக் கையில் எடுக்கும் முன்பே, அது என்னவாக இருக்கலாம் என்று சோதித்துப் பார்க்கத்தக்க ஊகம் ஒன்றைத் தரவுத்தளங்களிலிருந்து திரட்ட முடியும்.

பணி என்பது ஒரே கேள்வி அன்று. 1998இல் தொடங்கிய ஜீன் ஆன்டாலஜி திட்டம் அதை மூன்றாகப் பிரித்தது: மூலக்கூறு அளவில் புரதம் செய்யும் செயல் என்ன, அது எந்த உயிரியல் நிகழ்வில் பங்கேற்கிறது, செல்லின் எந்தப் பகுதியில் இருக்கிறது. ஒரு புரதம் பாஸ்பேட்டை வேறொரு புரதத்தில் ஒட்டும் நொதி என்று தெரிந்தாலும், அது செல் பிரிதலுக்காகவா சர்க்கரைச் செரிமானத்துக்காகவா என்று தெரியாமல் இருக்கலாம். மைட்டோகாண்ட்ரியாவில் இருக்கிறது என்று மட்டும் தெரிந்து, மற்ற இரண்டும் தெரியாமலும் இருக்கலாம். தரவுத்தள வழிகளில் ஒவ்வொன்றும் இந்த மூன்றில் ஏதோ ஒன்றுக்கே நன்றாக விடை சொல்லும். எந்த வழி எந்தக் கேள்விக்கு உரியது என்று பிரித்தறியாததால் வரும் குழப்பங்கள் ஏராளம்.

தேடல் தொடங்க வேண்டிய இடம் யூனிப்ராட் என்னும் புரதத் தரவுத்தளம். அதன் வேர் மார்கரெட் டேஹாஃப் 1965இல் அமெரிக்காவில் வெளியிட்ட புரத வரிசை அட்லஸ். அந்த முதல் தொகுப்பில் இருந்தவை 65 புரதங்கள். 1986இல் ஜெனீவாவில் அமோஸ் பைரோக் தொடங்கிய ஸ்விஸ்-ப்ராட் இன்று யூனிப்ராட்டின் ஒரு பாதி. அதில் உள்ள ஒவ்வொரு பதிவையும் மனிதர்கள் கட்டுரைகளைப் படித்துச் சரிபார்க்கிறார்கள். மறுபாதியான டிரெம்பிளில் குறிப்புகளைக் கணினியே எழுதுகிறது. ஒரு பதிவைப் படிக்கும்போது முதலில் பார்க்க வேண்டியது அது எந்தப் பாதியைச் சேர்ந்தது என்பது. இரண்டாவதாகப் பார்க்க வேண்டியது சான்றுக் குறியீடு. நேரடிச் சோதனையில் கண்டது, வரிசை ஒப்புமையால் ஊகித்தது, மனிதப் பார்வை படாமல் கணினி இட்டது என்று ஒவ்வொரு பணிக்குறிப்புக்கும் தனித்தனிக் குறியீடு உண்டு. இவை மூன்றும் திரையில் ஒரே எழுத்தில்தான் தெரிகின்றன, எடை ஒன்றல்ல.

அடுத்தது வரிசை ஒப்புமை. இரண்டு புரதங்களின் வரிசை தற்செயலாக அமைய முடியாத அளவுக்கு ஒத்திருந்தால், இரண்டும் ஒரே மூதாதை மரபணுவிலிருந்து வந்தவை. ஒரே மூதாதையிலிருந்து வந்தவை பெரும்பாலும் ஒத்த வடிவமும் நெருங்கிய பணியும் கொண்டிருக்கும். இந்த எண்ணத்தை விரைவாகச் செயல்படுத்தும் நிரல் 1990இல் வந்த பிளாஸ்ட். அது எழுத்துக்கு எழுத்து ஒற்றுமையை மட்டும் எண்ணுவதில்லை. பரவலாகப் பயன்படும் புளோசம்62 அட்டவணையில், லூசின் இருந்த இடத்தில் ஐசோலூசின் வந்தால் 2 மதிப்பெண் கிடைக்கும், ஏனென்றால் இரண்டும் நீரை வெறுக்கும், ஏறத்தாழ ஒரே பருமன் கொண்ட அமிலங்கள். பரிணாமம் இந்த மாற்றத்தைப் பொறுத்துக்கொள்கிறது. டிரிப்டோஃபேன் மாறாமல் டிரிப்டோஃபேனாகவே இருந்தால் 11 மதிப்பெண். அரிய அமிலம் ஓரிடத்தில் நிலைத்திருந்தால் அதற்குக் காரணம் இருக்க வேண்டும் என்பதே இந்த மதிப்பெண்ணின் பொருள்.

விடையோடு வரும் ஈ-மதிப்பு, இந்த அளவு ஒற்றுமை வெறும் தற்செயலால் இத்தனை பெரிய தரவுத்தளத்தில் எத்தனை முறை வரக்கூடும் என்பதைச் சொல்கிறது. அது பூஜ்யத்தை நெருங்கினால் உறவு உறுதி. 1ஐ நெருங்கினால் அந்த ஒப்புமையின் மேல் எதையும் கட்டக் கூடாது. தரவுத்தளம் பெருக்கப் பெருக்க அதே ஒப்புமையின் ஈ-மதிப்பும் உயரும் என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். இரு வரிசைகளுக்கிடையே 20 முதல் 35 சதவீத அமிலங்கள் மட்டும் ஒத்திருக்கும் நிலையை அந்தி மண்டலம் என்று துறையினர் அழைக்கிறார்கள். அங்கே உண்மை உறவும் தற்செயலும் கலந்து கிடக்கும். மனித மயோகுளோபினும் ஹீமோகுளோபினும் அந்த மண்டலத்தில்தான் நிற்கின்றன. வடிவத்தைப் பார்த்தால் உடன்பிறப்பு என்பது வெளிப்படை.

உறவு உறுதியானாலும் பணி உறுதியாவதில்லை. இந்தத் துறையின் பழைய எச்சரிக்கை ஒன்று இங்கே நினைவுகூரத்தக்கது. கண்ணீரிலும் எச்சிலிலும் உள்ள லைசோசைம் பாக்டீரியாவின் செல் சுவரை வெட்டும் நொதி. தாய்ப்பாலில் உள்ள ஆல்ஃபா லாக்டால்புமின் எதையும் வெட்டுவதில்லை. பாலில் உள்ள சர்க்கரையான லாக்டோஸ் உருவாக வேறொரு நொதிக்குத் துணை நிற்கிறது. இரண்டின் வரிசையும் ஏறத்தாழ 40 சதவீதம் ஒத்தவை, வடிவமும் ஒன்றே. இரண்டில் ஒன்று மட்டும் அறியப்பட்டிருந்தால், மற்றதற்கும் அதே பணியைக் கணினி தயங்காமல் எழுதியிருக்கும். வரிசையின் 35ஆம் இடத்தை நெருங்கிப் பார்ப்பவருக்குத்தான் உண்மை தெரியும்: சுவரை வெட்டுவதற்கு லைசோசைமுக்கு அங்கே குளூட்டாமிக் அமிலம் தேவை; லாக்டால்புமினில் அதற்கு நேரான இடத்தில் அது இல்லை. ஒப்புமையின் மொத்த அளவைவிட, செயல்மையத்தின் ஒரு சில அமிலங்கள் நிலைத்திருக்கின்றனவா என்பதே முக்கியம்.

இந்தச் சரிபார்ப்பு விடுபட்டால் பிழை பரவுகிறது. தவறாகப் பெயரிடப்பட்ட ஒரு புரதத்தை ஒத்த அடுத்த புரதம் அதே பெயரைப் பெறுகிறது. அதை ஒத்தது மூன்றாவதாகப் பெறுகிறது. பத்தாவது புரதத்தைப் பார்ப்பவருக்கு ஒன்பது சான்றுகள் இருப்பதாகத் தோன்றும். உண்மையில் ஒரு சான்றுகூட இல்லை. 2009இல் 37 நொதிக் குடும்பங்களை ஆராய்ந்த ஒரு குழு, கணினி இட்ட பெயர்கள் நிறைந்த பெரிய தரவுத்தளங்களில் இத்தகைய பிழை கவலைக்குரிய அளவில் இருப்பதையும், கைப்படத் தொகுக்கப்பட்ட ஸ்விஸ்-ப்ராட்டில் அது மிகக் குறைவாக இருப்பதையும் காட்டியது. கட்டுரைகளைப் பொறுமையாகப் படித்துப் பதிவு எழுதும் அந்தத் தொகுப்பாளர்களின் உழைப்புக்குக் கிடைக்கும் மதிப்பு மிகக் குறைவு. இந்தத் துறை முழுவதும் அவர்கள் தோளில்தான் நிற்கிறது.

முழு வரிசைக்கு உறவு கிடைக்காதபோது துண்டுகளைப் பார்க்க வேண்டும். புரதங்கள் தனித்தனியே மடியும் களங்களால் ஆனவை. ஒரே களம் பல புரதங்களில் பல சேர்க்கைகளில் வரும். பிஃபாம் போன்ற தொகுப்புகள் ஒவ்வொரு களத்துக்கும் நூற்றுக்கணக்கான வரிசைகளை அடுக்கி, எந்த இடத்தில் எந்த அமிலம் எவ்வளவு அடிக்கடி வருகிறது என்ற நிகழ்தகவு மாதிரியை வைத்திருக்கின்றன. ஒற்றை வரிசையோடு ஒப்பிடுவதைவிட இந்த மாதிரியோடு ஒப்பிடும்போது தொலைதூர உறவும் தட்டுப்படுகிறது. இன்டர்ப்ரோ இத்தகைய பல தொகுப்புகளை ஒரே தேடலில் இணைக்கிறது. களங்களிலும் பணி அறியாதவை ஆயிரக்கணக்கில் உண்டு. சிறு குறிகளும் உதவும். வரிசையின் தொடக்கத்தில் உள்ள சமிக்ஞைத் துண்டு, புரதம் சுரப்புப் பாதைக்குள் நுழையும் என்று சொல்லும். நீரை வெறுக்கும் 20 அமிலங்கள் தொடர்ந்து வந்தால், அந்தப் பகுதி சவ்வைக் கடந்து நிற்கக்கூடும். இவை பெரும்பாலும் இடத்தைச் சொல்கின்றன. பணிக்கு அருகில் கொண்டுபோய் விடுகின்றன, அவ்வளவே.

வரிசை மௌனமாக இருக்கும்போது சுற்றுப்புறம் பேசும். எந்தத் திசுவில் ஒரு புரதம் மிகுதி, எவற்றோடு சேர்ந்து கூடிக் குறைகிறது, எவற்றோடு ஒட்டுகிறது, எந்த உயிரினங்களில் இருக்கிறது, எவற்றில் இல்லை ஆகியவை அந்தச் சுற்றுப்புறம். ஊருக்குப் புதியவர்கூட, எந்த விசேஷத்துக்கும் சேர்ந்தே வந்து சேர்ந்தே போகிறவர்களைப் பார்த்து இவர்கள் ஒரே வீட்டார் என்று கணித்துவிடுவார். பரிணாமத்தில் சேர்ந்தே இருந்து சேர்ந்தே காணாமல் போகும் மரபணுக்களைப் பற்றிய கணிப்பும் அத்தகையது. 1999இல் முறைப்படுத்தப்பட்ட இந்த வழிக்கு மரபுவழிச் சுயவிவரம் என்று பெயர். அது மனித உயிரியலில் ஐம்பதாண்டுப் புதிர் ஒன்றை அவிழ்த்த வரலாறு விரிவாகச் சொல்லத்தக்கது.

மைட்டோகாண்ட்ரியா கால்சியத்தை விரைவாக உறிஞ்சுகிறது என்பது 1960களின் தொடக்கத்திலேயே தெரிந்துவிட்டது. ருதீனியம் சிவப்பு என்ற சாயம் அதைத் தடுக்கும் என்பதும் பின்னர் தெரிந்தது. 2004இல் அந்த வழி ஓர் அயனி வாய்க்கால் என்பதை மின்னோட்ட அளவீடு உறுதிப்படுத்தியது. ஆனால் அந்த வாய்க்கால் எந்தப் புரதம் என்று மட்டும் யாருக்கும் பிடிபடவில்லை. பிரித்தெடுக்கும் முயற்சிகள் ஒவ்வொன்றும் தோற்றன.

வம்சி மூத்தாவின் குழு அமெரிக்காவில் வேறு பக்கத்திலிருந்து தொடங்கியது. 2008இல் அவர்கள் எலியின் 14 திசுக்களிலிருந்து மைட்டோகாண்ட்ரியாவைப் பிரித்து, நிறைநிரல், நுண்ணோக்கி, கணினிப் பகுப்பாய்வு மூன்றையும் இணைத்து 1,098 மரபணுக்கள் கொண்ட பட்டியலைத் தயாரித்தார்கள். மைட்டோகார்ட்டா என்பது அதன் பெயர். அடுத்து, உயிரினங்களின் பழைய உடலியல் தகவலை அந்தப் பட்டியலின் மேல் பொருத்தினார்கள். முதுகெலும்புள்ள விலங்குகளின் மைட்டோகாண்ட்ரியா கால்சியத்தை உறிஞ்சும். தூக்க நோயை உண்டாக்கும் டிரிப்பனோசோமா இனத்தின் மைட்டோகாண்ட்ரியாவும் உறிஞ்சும். ரொட்டிக்குப் பயன்படும் ஈஸ்டில் இந்த ஆற்றல் இல்லை. அப்படியானால் தேடும் மரபணு மனிதரிலும் டிரிப்பனோசோமாவிலும் இருக்க வேண்டும், ஈஸ்டில் இருக்கக் கூடாது. புரதம் உட்சவ்வில் இருக்க வேண்டும், பெரும்பாலான திசுக்களில் காணப்பட வேண்டும்.

இந்த நிபந்தனைகளைத் தாண்டி மேலே வந்த 13 மரபணுக்களை ஆர்என்ஏ குறுக்கீட்டால் ஒவ்வொன்றாக அடக்கிப் பார்த்தார்கள். ஒன்றை அடக்கியபோது மட்டும் கால்சியம் உறிஞ்சல் நின்றது. அதுவரை சிபிஏஆர்ஏ1 என்று பட்டியலில் கிடந்த அந்தப் புரதத்துக்கு 2010இல் மிக்யூ1 என்று பெயரிடப்பட்டது. அதன் வரிசையில் கால்சியத்தைப் பற்றும் ஈஎஃப்-கை என்னும் குறிகள் இரண்டு இருந்தன. ஆனால் சவ்வைக் கடந்து வாய்க்கால் அமைக்கும் அமைப்பு அதில் இல்லை. அது காவலன், கதவு அன்று.

கதவைத் தேட மிக்யூ1ஐயே தூண்டிலாக்கினார்கள். அதனோடு ஒரே உயிரினங்களில் வருவது எது, ஆர்என்ஏ அளவில் சேர்ந்து ஏறி இறங்குவது எது, புரத அளவில் சேர்ந்து ஏறி இறங்குவது எது? ஒன்றையொன்று சாராத மூன்று தேடல்களும் ஒரே விடையில் வந்து நின்றன: சிசிடிசி109ஏ. இத்தாலியின் பதுவா நகரில் ரோசாரியோ ரிசுட்டோவின் குழுவும் அதே மைட்டோகார்ட்டா பட்டியலிலிருந்து அதே புரதத்தை அடைந்தது. 2011இல் இரு கட்டுரைகளும் ஒன்றாக வெளிவந்தன. புரதம் எம்சியு என்று பெயர் பெற்றது. 351 அமிலங்கள் கொண்ட அந்தப் புரதத்தில் சவ்வைக் கடக்கும் பகுதிகள் இரண்டு. அவற்றை இணைக்கும் குறுகிய பகுதியில் 261ஆம் இடத்தில் ஆஸ்பார்டிக் அமிலமும் 264ஆம் இடத்தில் குளூட்டாமிக் அமிலமும் உண்டு. இரண்டும் எதிர்மின்சுமை கொண்டவை, நேர்மின்சுமை கொண்ட கால்சியத்தை ஈர்க்கத்தக்கவை. அவற்றை மாற்றினால் உறிஞ்சல் அழிந்தது. 259ஆம் இடத்து செரினை அலனினாக மாற்றினால் உறிஞ்சல் தொடர்ந்தது, ஆனால் ருதீனியம் தடுப்பான் வேலை செய்யவில்லை. கணிப்பு உண்மையானது இந்தச் சோதனையில்தான். ஒரு புரதத்தை அடக்கினால் உறிஞ்சல் குறைவதற்கு நூறு மறைமுகக் காரணங்கள் இருக்கலாம். ஒற்றை அமிலத்தை மாற்றினால் தடுப்பான் மட்டும் செயலிழப்பதற்கு, அந்தப் புரதமே வாய்க்கால் என்பதைத் தவிர வேறு காரணம் சொல்வது கடினம்.

மரபுவழிச் சுயவிவரத்தின் எல்லையும் இதே வரலாற்றில் தெரிகிறது. 2013இல் எம்சியுவும் மிக்யூ1உம் அடங்கிய இந்தக் கூட்டமைப்பின் இன்னொரு கட்டாய உறுப்பு கண்டறியப்பட்டது: ஈம்ரி, பழைய பெயர் சி22ஓஆர்எஃப்32. அது விலங்குகளில் மட்டுமே உண்டு, டிரிப்பனோசோமாவில் இல்லை. ஆகவே முதல் சல்லடை அதை வெளியே தள்ளியிருக்கும். எம்சியுவைப் பிடித்து இழுத்து, உடன் ஒட்டி வந்தவற்றை நிறைநிரலில் பார்த்தபோதுதான் அது அகப்பட்டது. மரபுவழிச் சுயவிவரம், கூட்டமைப்பு முழுவதும் ஒரே காலத்தில் தோன்றியது என்று எடுத்துக்கொள்கிறது. பரிணாமம் பிறகு ஆள் சேர்ப்பதும் உண்டு. 2014இல் மிக்யூ1 மரபணுவின் மாற்றங்கள் குழந்தைகளில் தசைநலிவும் கற்றல் குறைபாடும் கொண்ட ஒரு நோய்க்குக் காரணம் என்று தெரியவந்தது. ஐந்து ஆண்டுகளுக்கு முன் அந்தப் பெயரே இல்லை.

மூன்றாவது பெரிய வழி வடிவம். வரிசை மாறிப்போன பின்பும் வடிவம் நீண்ட காலம் நிலைத்திருக்கும். புரத முதுகெலும்பு எந்தக் கோணங்களில் மடிய முடியும், எவற்றில் முடியாது என்பதை 1963இல் சென்னைப் பல்கலைக்கழகத்தில் ஜி. என். ராமச்சந்திரன், சி. ராமகிருஷ்ணன், வி. சசிசேகரன் மூவரும் வரைபடமாக்கினார்கள்; இன்றுவரை புதிய புரத வடிவம் எதுவும் அந்த வரைபடத்தில் சோதிக்கப்படாமல் ஏற்கப்படுவதில்லை. 1971இல் 7 வடிவங்களோடு தொடங்கிய புரதத் தரவு வங்கி அரை நூற்றாண்டில் திரட்டிய வடிவங்களைக் கொண்டு பயின்றது ஆல்ஃபாஃபோல்டு என்னும் வடிவக் கணிப்பு நிரல். 2021இல் ஏறத்தாழ எல்லா மனிதப் புரதங்களுக்கும் அது கணித்த வடிவங்கள் பொதுவில் வைக்கப்பட்டன. அவற்றில் நம்பகமாகக் கணிக்கப்பட்டவை மொத்த அமிலங்களில் 58 சதவீதம். எஞ்சியவற்றில் பெரும்பகுதி நிலையான வடிவமே இல்லாமல் நெகிழ்ந்து கிடப்பவை. ஃபோல்டுசீக் போன்ற நிரல்கள், கணித்த ஒரு வடிவத்தைக் கோடிக்கணக்கான வடிவங்களோடு நொடிகளில் ஒப்பிடுகின்றன. வரிசையில் எந்த உறவும் தெரியாத புரதத்துக்கு இங்கே உறவினர் கிடைப்பது அடிக்கடி நிகழ்கிறது.

ஆனால் வடிவமும் பணியை முழுதாகச் சொல்வதில்லை. சி9ஓஆர்எஃப்72 மரபணுவில் ஆறெழுத்துத் துண்டு ஒன்று நூற்றுக்கணக்கான முறை திரும்பத் திரும்ப வருவதே ஏஎல்எஸ் என்னும் இயக்க நரம்பு நோய்க்கும் ஒருவகை மறதி நோய்க்கும் மிகப் பரவலான மரபுக் காரணம் என்று 2011இல் தெரிந்தது. அந்தப் புரதம் என்ன செய்கிறது என்று அப்போது யாருக்கும் தெரியாது. அடுத்த இரண்டாண்டுகளுக்குள், வெறும் வரிசை மாதிரிகளைக் கொண்டே, அது டென் களக் குடும்பத்தைச் சேர்ந்தது என்று இரண்டு குழுக்கள் கணித்தன. அந்தக் குடும்பத்தின் பல உறுப்பினர்கள் ராப் என்னும் சிறு புரதங்களை முடுக்கிவிடுபவை. இதுவும் அப்படியே இருக்கும் என்று எதிர்பார்க்கப்பட்டது. 2020இல் உறைநிலை மின்னணு நுண்ணோக்கி உண்மை வடிவத்தைக் காட்டியது. டென் களம் என்ற கணிப்பு சரி. பணியோ எதிர்த்திசையில் இருந்தது: இந்தப் புரதம் எஸ்எம்சிஆர்8 என்னும் துணையோடு சேர்ந்து சிறு புரதங்களை அணைக்கிறது; அதற்கான முக்கிய ஆர்ஜினின் அமிலமும் துணையிடமே இருக்கிறது. தனிப் புரதத்தை மட்டும் பார்த்த எந்தக் கணிப்பும் இதைச் சொல்லியிருக்க முடியாது. செலனோபுரதம்-ஓ பற்றி 2018இல் வந்த முடிவும் இத்தகையதே. பாஸ்பேட்டை ஒட்டும் கைனேஸ் நொதியின் வடிவம் இருந்தும் முக்கிய அமிலங்கள் இல்லாததால் செத்த நொதி என்று ஒதுக்கப்பட்ட அது, ஏடிபியைத் தலைகீழாகப் பிடித்து, பாஸ்பேட்டுக்குப் பதிலாக ஏஎம்பியை மற்றப் புரதங்களில் ஒட்டுகிறது.

கணிப்புகள் எவ்வளவு நம்பத்தக்கவை என்பதை அளக்கும் பொதுப் போட்டியும் உண்டு. காஃபா என்னும் அதன் முதல் சுற்று 2010-2011இல் நடந்தது. பணி அறியப்படாத புரதங்களின் வரிசைகள் முன்கூட்டியே வெளியிடப்பட்டு, கணிப்புகள் பூட்டப்படும். பின்னர் பல மாதங்களில் ஆய்வுக்கூடங்கள் எவற்றின் பணியைக் கண்டறிகின்றனவோ அவற்றோடு ஒப்பிடப்படும். முதல் சுற்றில் 54 முறைகள் 866 புரதங்களில் சோதிக்கப்பட்டன. சிறந்தவை வெறும் பிளாஸ்டை முந்தின. மூலக்கூறுச் செயலை அவை ஓரளவு நன்றாகக் கணித்தன. உயிரியல் நிகழ்வைக் கணிப்பதில் தடுமாறின. வரிசை, வடிவம் இரண்டிலும் பொதிந்திருப்பது பெரும்பாலும் முதலாவதுதான் என்பதால் இது எதிர்பார்க்கத்தக்கதே.

ஆகவே ஒரு நல்ல கணிப்பு எந்தக் கேள்விக்கு விடை சொல்கிறது, எந்தச் சான்றுகள் ஒன்றையொன்று சாராமல் அதைத் தாங்குகின்றன, எந்தச் சோதனை அதைப் பொய்யாக்கும் என்ற மூன்றையும் எழுதிவைக்க வேண்டும். மனிதப் புரதத் தொகுதி அமைப்பு 2018இல் பணி அறியாப் புரதங்களில் 50ஐத் தேர்ந்து பணி கண்டறியும் அறைகூவலை விடுத்தது. 2023இல் வெளியான அன்னோம் என்னும் தரவுத்தளம், ஒவ்வொரு புரதத்தைப் பற்றியும் எவ்வளவு குறைவாகத் தெரியும் என்பதையே வரிசைப்படுத்தியது. அதை உருவாக்கியவர்கள், மனிதரிலும் பழ ஈயிலும் பொதுவாக உள்ள, ஏறத்தாழ எதுவும் அறியப்படாத 260 மரபணுக்களை ஈயில் அடக்கிப் பார்த்தார்கள். அவற்றில் ஏறத்தாழ கால் பங்கு, ஈ உயிர்வாழவே தேவைப்பட்டவை. மற்றவற்றில் சில கருவுறுதிறனையும், சில வளர்ச்சியையும், சில நெருக்கடியைத் தாங்கும் ஆற்றலையும் பாதித்தன. அந்தத் தரவுத்தளம் யாரும் தேடிப் பார்க்கத் திறந்தே இருக்கிறது.